குளிசையை விட்டவர் ஏன் திரும்பி வருவதில்லை?

கேள்வி இது: “என் அக்காவின் மகனுக்கு எச்.ஐ.வி. இருப்பது குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். கொழும்பில் இரண்டு வருடம் ஒழுங்காக மருந்து எடுத்தான். இப்போது பல மாதங்களாகக் கிளினிக் பக்கமே போவதில்லை. மருந்து இலவசம், நாளொன்றுக்கு ஒரு குளிசை, படித்த பையன். பிறகும் ஏன் இப்படி விட்டுவிடுகிறார்கள்?”

உங்கள் மருமகன் தனி ஆள் இல்லை. சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்க நாடுகளின் சிகிச்சைத் திட்டங்களைத் திரட்டிப் பார்த்த ஒரு மீளாய்வு 2007இல் வெளிவந்தது. மருந்து தொடங்கியவர்களில் இரண்டு வருட முடிவில் சிகிச்சையில் மிஞ்சியவர்கள் ஏறக்குறைய 60 சதவீதம்தான் என்று அது காட்டியது. அங்கும் பல இடங்களில் மருந்துக்குக் காசு வாங்கவில்லை. இலங்கையில் எச்.ஐ.வி. மருந்து 2004இன் கடைசியிலிருந்து அரசாங்கத்தால் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. ஆகவே மருந்தின் விலையை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் தேட முடியாது.

கொழும்பில் தமிழ் பேசும் நோயாளர்களுக்கு ஆலோசகராக நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நான் பார்த்தவர்களில் அநேகர், ‘இனி மருந்து வேண்டாம்’ என்று உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள் அல்லர். ஒரு கிளினிக் திகதி தவறிவிட்டது. அடுத்த கிழமை போகலாம் என்று இருந்தார்கள். அடுத்த கிழமை கடையில் லீவு தரவில்லை. அதற்குள் குளிசை முடிந்துவிட்டது. ஒரு மாதம் கழிந்ததும், எந்த முகத்தோடு போய் நிற்பது என்ற எண்ணம் வந்துவிட்டது. விட்டுப்போவது இப்படிச் சத்தமில்லாமல் நடக்கிறது. அதற்குக் காரணம் எத்தனையோ சொல்லலாம். என் கணிப்பில், ஆட்களை உண்மையில் இழப்பது அவர்கள் விட்டுப்போகும் இடத்தில் அல்ல, திரும்பி வர வேண்டிய இடத்தில்.

முதலில் குளிசைப் போத்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல், உள்ளே முப்பது பெரிய குளிசைகள், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம். பையில் போட்டுக்கொண்டு நடந்தால் கலகலவென்று சத்தம் கேட்கும். கொட்டாஞ்சேனையிலோ கிராண்ட்பாஸிலோ ஓர் அறையில் நான்கைந்து பேராகத் தங்கியிருந்து புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். அந்த அறையில் பூட்டுள்ள அலுமாரி கிடையாது. ஒருவன் தலைவலி என்றால் மற்றவனின் பையைத் துழாவி பனடோல் எடுப்பான். அதனால் லேபலைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். சத்தம் கேட்காமலிருக்க உள்ளே பஞ்சு அடைக்கிறார்கள். விற்றமின் போத்தலுக்கு மாற்றுகிறார்கள். ஒரு பையன் காலையில் கடை திறந்த பிறகு, துணி மூட்டைகளுக்குப் பின்னால் போய் எச்சிலோடு விழுங்குவதாக என்னிடம் சொன்னான். ஒவ்வொரு நாளும் இப்படி ஒளித்து ஒளித்து விழுங்கும் ஒருவருக்கு, மருந்து இல்லாத ஒரு வாரம் விடுமுறை மாதிரித் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. தீபாவளிக்கு ஹற்றன் பக்கம் ஊருக்குப் போகும்போது போத்தலைக் கொழும்பிலேயே விட்டுப்போகிறவர்களும் உண்டு. அம்மா பையைத் திறந்து உடுப்புத் தோய்ப்பார் என்ற பயம்.

அடுத்தது, யார் கண்ணில் படுவோம் என்ற பயம். கொழும்பு 10, டி சேரம் பிளேசில் இருக்கும் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மத்திய கிளினிக் மருதானைக்கும் தேசிய வைத்தியசாலைக்கும் அருகில் இருக்கிறது. பஸ் வசதி நிறைய உண்டு. ஆனால் அந்த வீதியில் முச்சக்கர வண்டி ஓட்டுபவர், பக்கத்துக் கடைக்காரர், வைத்தியசாலைக்கு வந்த ஊர்க்காரர் என்று யாராவது ஒருவர் தெரிந்தவராக இருந்துவிடுவார் என்று மனம் அடித்துக்கொள்கிறது. வெள்ளவத்தையை வெளியில் இருப்பவர்கள் நகரம் என்று நினைக்கிறார்கள். அங்கே குடியிருப்பவர்களுக்கு அது ஒரு கிராமம்தான். மரக்கறிக் கடையில் நின்றால் யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் மூவரைச் சந்திக்கலாம்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அரச கிளினிக் இருக்கிறது. இருந்தும், ஊரில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே இரவு பஸ் ஏறி கொழும்புக்கு வருகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு கிளினிக் நாள் என்பது இரண்டு இரவுப் பயணம், ஒரு நாள் சம்பளம், வீட்டில் சொல்ல ஒரு பொய். 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடு நின்றபோதும், பஸ் கட்டணம் மேலே மேலே ஏறியபோதும் முதலில் அறுந்துபோனது இப்படிப்பட்டவர்களின் பயணம்தான். பக்கத்துக் கிளினிக்குக்கு மாறச் சொல்வது எளிது. பக்கத்தில் இருப்பதுதான் அவர்களின் பிரச்சினை.

இந்தப் பயம் வீண் கற்பனை என்று சொல்ல எனக்கு மனம் வராது. 2016இல் குளியாப்பிட்டியில் ஒரு சிறுவனுக்கு எச்.ஐ.வி. என்று வதந்தி பரவியதால் பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டது. மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது. அந்தக் குழந்தைக்குத் தொற்றே இருக்கவில்லை. இதைப் பத்திரிகையில் படித்த ஒவ்வொரு நோயாளியும் தன் பிள்ளையைத்தான் நினைத்திருப்பார். ஆண்களோடு உறவு வைத்திருக்கும் ஆண்களுக்கும் திருநங்கையருக்கும் இதற்கு மேலே இன்னொரு சுமை உண்டு. ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இருக்கின்றன. அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் அல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நீதிமன்றத்தின் கருத்து வேறு, சட்டம் மாறுவது வேறு. வைத்தியரிடம் உண்மையைச் சொன்னால் அது எங்கே போய் முடியும் என்று அஞ்சுகிறவர் பாதி உண்மையோடுதான் வருவார்.

இனி, உங்கள் மருமகனின் வயதை வைத்து நான் முதலில் கேட்கக்கூடிய கேள்வி: வீட்டில் சம்பந்தம் பேசத் தொடங்கிவிட்டார்களா? எங்கள் குடும்பங்களில் நடக்கும் இதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அதிகம் எழுதுவதில்லை. நான் கண்ட தமிழ் இளைஞர்களில், ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர் திடீரென்று மறைந்தால் பலமுறை காரணம் இதுவாகவே இருந்தது. சாதகம் பார்க்கிறார்கள், பெண் வீட்டார் வந்து போகிறார்கள், மறுக்கக் காரணம் சொல்ல முடியவில்லை. அந்த நெருக்கடியில் அவருக்குக் கிளினிக் என்பது தன் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று நினைவூட்டும் இடமாகிவிடுகிறது. போகாமல் இருந்தால் நோயும் இல்லாததுபோல் ஒரு நிம்மதி. இங்கே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய உண்மை நேரெதிரானது. ஒருவருக்கு எச்.ஐ.வி. உள்ளது, துணைக்கு இல்லை என்ற நிலையில் இருந்த தம்பதியரைத் தொடர்ந்து கவனித்த ‘பார்ட்னர்’ ஆய்வுகளின் முடிவுகள் 2016இலும் 2019இலும் வந்தன. மருந்தால் வைரஸ் அளவிட முடியாத மட்டத்துக்குக் குறைந்திருந்தவர்களிடமிருந்து உடலுறவின் வழியாகத் துணைக்குத் தொற்று கடத்தப்பட்டதாக ஒரு சம்பவம்கூட அந்த ஆய்வுகளில் பதிவாகவில்லை. அப்படியானால் திருமணத்துக்கான வழியே மருந்துதான். அதோடு, திருமணத்துக்கு முன் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லவும் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் சொல்லும் தைரியம், மருந்து எடுத்து உடம்பும் மனமும் தெளிந்த ஒருவருக்கே வரும்.

திருமணமான பெண்களின் கதை வேறு. பலர் தங்களுக்குத் தொற்று இருப்பதைக் கர்ப்ப காலப் பரிசோதனையிலோ, கணவர் படுக்கையில் விழுந்த பிறகோதான் அறிகிறார்கள். வயிற்றில் குழந்தை இருக்கும்வரை ஒரு நாள் தவறாமல் மருந்து எடுப்பார்கள். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. அதில் இந்தத் தாய்மாரின் பிடிவாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு குழந்தைக்கு ஒன்றரை வயதில் கடைசிப் பரிசோதனை நடக்கும். பிள்ளைக்கு இல்லை என்று சொல்லும்போது அவர்கள் விடும் பெருமூச்சை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு தங்களுக்காக என்று கிளினிக் வரும் பழக்கம் சிலரிடம் நின்றுவிடுகிறது. தனக்காக ஒரு நாளை ஒதுக்க அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பிறந்த குழந்தைக்குக் காட்டிய அக்கறையில் பாதியையாவது தாய்க்கும் காட்டும்படி திட்டங்கள் அமைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மொழியைப் பற்றி நான் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுவேன். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி. ஆனால் கொழும்பில் ஒரு அரச வைத்தியசாலையில் நான் பார்த்தது இது: கிராண்ட்பாஸிலிருந்து வந்த ஒரு அம்மா, சிங்களத்தில் சில சொற்கள் மட்டும் தெரிந்தவர். வைத்தியர் நல்ல மனிதர், பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் அவருக்குத் தமிழ் வராது. மொழிபெயர்க்க அந்த வழியால் போன சிற்றூழியரைக் கூப்பிட்டார்கள். அவர் உரத்த குரலில், கதவு திறந்திருக்க, “கணவரைத் தவிர வேறு யாரோடும் போனீர்களா என்று கேட்கிறார்” என்றார். வெளியில் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றார். மருந்து எப்படி எடுப்பது என்று சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அவர் அடுத்த முறை வரவில்லை. பதிவேட்டில் அவர் ‘வராதவர்’ என்று எழுதப்பட்டிருப்பார். வரவிடாமல் செய்தது எது என்று எழுத அதில் இடமில்லை.

உடம்பு சம்பந்தமான காரணங்களும் உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பு பரவலாகக் கொடுத்த எஃபவிரென்ஸ் தலைசுற்றலும் பயங்கரக் கனவுகளும் தரும். இரவில் அலறி எழுந்தால் அறையிலுள்ளவர்கள் கேள்வி கேட்பார்களே! இப்போது உலகெங்கும் முதல் தெரிவாகிவிட்ட டொலுடெக்ராவிர் சேர்ந்த குளிசையில் அந்தத் தொல்லை பெரிதும் குறைவு. நோய் முற்றிய நிலையில் வருகிறவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. மருந்து தொடங்கியதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்ளும். அதுவரை மறைந்திருந்த காசநோய் போன்றவற்றோடு அது மோதும்போது காய்ச்சலும் வீக்கமும் வரும். முதல் சில வாரங்களில் இப்படி ஆனவர், மருந்துதான் தன்னை விழுத்தியது என்று நம்பி விட்டுவிடுகிறார். இது நடக்கலாம் என்று முன்கூட்டியே இரண்டு நிமிடம் சொல்லி வைத்தால் பலரைத் தக்கவைக்கலாம்.

அதற்கு நேர்மாறானது, சுகமாகிவிட்டதால் விடுவது. நிறை கூடுகிறது, முகம் தெளிகிறது, வைரஸ் தென்படவில்லை என்று அறிக்கை வருகிறது. நோய் போய்விட்டது என்று நினைப்பது மனித இயல்பு. கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தவர், முன்னேஸ்வரத்துக்கு நேர்ந்தவர், வேண்டுதல் பலித்தது என்று நம்பினால் அந்த நம்பிக்கையை நான் பழிக்க மாட்டேன். நேர்த்தியும் நடக்கட்டும், குளிசையும் நடக்கட்டும் என்பேன். ஏனென்றால் வைரஸ் உடலின் உயிரணுக்களுக்குள் பதுங்கியிருக்கிறது. மருந்து நின்றால் பெரும்பாலானோரில் சில வாரங்களிலேயே குருதியில் மீண்டும் ஏறிவிடும். இடைவெளி விட்டு மருந்து எடுக்கலாமா என்று 5,472 பேரை வைத்துப் பார்த்த ‘ஸ்மார்ட்’ ஆய்வை 2006இல் இடையிலேயே நிறுத்த நேர்ந்தது. நிறுத்தி நிறுத்தி எடுத்தவர்களிடம் கடும் நோயும் மரணமும் இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தன.

வெளிநாட்டு வேலையும் ஒரு காரணம். வளைகுடா நாடுகள் வேலை விசாவுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கின்றன, தொற்று இருந்தால் அனுமதி இல்லை. அதனால் பரிசோதனை இல்லாத வேறு நாட்டுக்கு யாரிடமும் சொல்லாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். விமான நிலையத்தில் பை சோதிப்பார்கள் என்று மருந்தை விட்டுப்போகிறார்கள். போதைப்பொருள் பாவனையாலும் சிறைக்குப் போய் வருவதாலும் அறுந்துபோகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

இனி, திரும்பி வருவது. கிளினிக் பட்டியலிலிருந்து காணாமற்போனவர்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். ஆபிரிக்க நாடுகளில் காணாமற்போனவர்களைத் தேடிச் சென்ற ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் ஒரு கட்டுரை வந்தது. கண்டுபிடிக்கப்பட்டவர்களில் சராசரியாக 40 சதவீதத்தினர் இறந்திருந்தார்கள். பிந்திய ஆய்வுகளில் அந்தப் பங்கு குறைந்து, வேறு கிளினிக்குக்குத் தாமாகவே மாறியவர்களின் பங்கு கூடியது. மீதிப்பேர் மருந்தில்லாமல் வீட்டில் இருக்கிறார்கள், உங்கள் மருமகனைப் போல. அவர்களை மீட்கலாம். விட்டவர்களைத் தேடிப் பிடித்து மீண்டும் சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இன் வழிகாட்டலில் வெளிப்படையாகவே பரிந்துரைத்தது. ஆனால் வாசலில் கிடைக்கும் முதல் வார்த்தை எதுவோ, அதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. “இவ்வளவு நாள் எங்கே போனீர்கள்? அரசாங்கம் சும்மா தருகிறது என்று விளையாட்டா?” என்று ஒரு தாதி கேட்டதால், குருதிகூடக் கொடுக்காமல் திரும்பிய ஒருவரை மறுபடி கூட்டி வருவதற்குள் எங்களுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. அதே நிலையில் வந்த இன்னொருவரிடம் மூத்த தாதி ஒருவர், “வந்தது நல்லது தம்பி, சாப்பிட்டீர்களா?” என்று மட்டும்தான் கேட்டார். அவர் இன்றுவரை வந்துகொண்டிருக்கிறார். ஏசுவது அக்கறையின் அடையாளம் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. பிள்ளைகளிடம் அது எடுபடலாம். வெட்கத்தால் வராமலிருந்தவரிடம் அது கதவைச் சாத்துகிறது.

ஆகையால் நீங்களும் ‘ஏன் விட்டாய்’ என்று தொடங்காதீர்கள். உடம்பு எப்படி, வேலை எப்படி, அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். காரணம் அதற்குள்ளேயே இருக்கும். குளிசையை வைக்க இடமில்லை என்றால் உங்கள் வீட்டில் வைக்கலாம், அல்லது கடையில் பூட்டக்கூடிய இலாச்சி ஒன்று ஏற்பாடு செய்யலாம். லீவுதான் தடை என்றால், நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாத மருந்தை ஒரே தடவையில் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தொடங்கியவுடன் அது கிடைக்காது, சில மாதம் ஒழுங்காக வந்த பிறகு வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். மருதானைதான் பயம் என்றால் களுபோவிலையிலும் ராகமையிலும் கிளினிக் உண்டு, அங்கொடையில் தொற்றுநோய்களுக்கான ஐ.டி.எச். வைத்தியசாலையும் இருக்கிறது. சொல்லிவிட்டு மாறுவது நல்லது. சொல்லாமல் மாறினாலும் மருந்து எடுப்பதே முக்கியம்.

இவ்வளவு நாள் விட்டதால் அந்த மருந்து இனி வேலை செய்யாது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். டொலுடெக்ராவிர் எடுத்தவர்களில் பெரும்பாலானோர் இடைவெளிக்குப் பிறகும் அதே மருந்தைத் திரும்பத் தொடங்கலாம். மிச்சமிருக்கும் பழைய குளிசையைத் தானாக எடுக்கத் தொடங்க வேண்டாம், முதலில் கிளினிக் போகட்டும். அங்கே எதிர்ப்புச் சக்தியின் நிலையைக் காட்டும் சிடி4 அணு எண்ணிக்கையைப் பார்ப்பார்கள், காசநோய் அறிகுறிகளைக் கேட்பார்கள், வைரஸின் அளவைச் சோதிப்பார்கள். பழைய கிளினிக் அட்டை தொலைந்திருந்தால் அதைத் தேடி நாளைக் கடத்த வேண்டியதில்லை, வெறுங்கையோடு போகலாம்.

ஒன்றில் மட்டும் தாமதிக்காதீர்கள். விடாத தலைவலி, காய்ச்சல், மூச்சு வாங்குதல், விழுங்கும்போது வலி, பார்வை மங்குதல் இவற்றில் ஏதாவது அவருக்கு இருந்தால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே தேசிய வைத்தியசாலைக்கோ ஐ.டி.எச்.சுக்கோ கூட்டிப்போங்கள். எச்.ஐ.வி. இருப்பதையும் மருந்து எத்தனை மாதமாக நின்றிருக்கிறது என்பதையும் வைத்தியரிடம் தனியே சொல்லுங்கள். அது தெரியாமல் அவர்கள் சாதாரணக் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடக்கூடும்.